ஆளுக்கொரு குணம்

ஊஞ்சக்கல் துறையில் பரிசல் ஏறியவர்கள் இரண்டு வகை. நனைந்து அக்கரை சேர்ந்தவர்கள் ஒரு வகை. நனைந்து இக்கரைக்கே திரும்பி வந்தவர்கள் இன்னொரு வகை. நான் கத்தரிக்காய் மூட்டையோடு ஏழு வருஷம் அந்தப் பரிசலில் சந்தைக்குப் போனவன். இரண்டு வகையிலும் எனக்கு இடம் உண்டு. அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, வேட்டியை எப்போதோ காயப்போட்டாகிவிட்டது.

பாலம் வருவதற்கு முந்தைய காலம் அது. துறையை ஐந்து பேர் சேர்ந்து நடத்தினார்கள். ஐந்து பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே சாளைக் குடிசையில் படுக்கை, ஒரே பானையில் சோறு. வேலையை மட்டும் கறாராகப் பிரித்து வைத்திருந்தார்கள். அர்த்தநாரி வழி சொல்வான். ராக்கியண்ணன் ஆட்களை இடம் பார்த்து உட்காரவைப்பான். வெள்ளியங்கிரி துடுப்புப் போடுவான். ஓதியப்பன் பரிசலுக்குள் வரும் தண்ணீரை இறைப்பான், ஓட்டை விழுந்தால் தார் பூசி அடைப்பான். ஐந்தாவது ஆள் பச்சியண்ணன் பரிசலில் ஏறவே மாட்டான். ஆறு இழுக்கிற இழுப்பில் பரிசல் எப்போதும் துறைக்குக் கீழேதான் போய் ஒதுங்கும். அதைக் கவிழ்த்துத் தலையில் வைத்து, அரை பர்லாங்கு மேலே சுமந்துவந்து, ஆலமரத்தடியில் இறக்கி வைப்பது அவன் வேலை.

ஒருவன் வேலையை இன்னொருவன் தொடமாட்டான். ஒருமுறை ஓதியப்பன் காய்ச்சலில் சாளையிலேயே படுத்துவிட்டான். பாதி ஆற்றில் தண்ணீர் என் முழங்காலுக்கு ஏறிவிட்டது. "யாராச்சும் எறைங்கப்பா" என்று கெஞ்சினேன்.

"அது ஓதியப்பன் வேலைங்க" என்றான் அர்த்தநாரி. "பாவம், காய்ச்சல்ல கெடக்கறான். அந்த நேரம் பார்த்து அவன் வேலையெத் திருடறது நல்லாருக்குங்களா?"

தண்ணீரில் உட்கார்ந்தபடியேதான் கரை சேர்ந்தோம். கத்தரிக்காய் மட்டும் மிதந்து எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

இப்படிப்பட்ட ஐவரில் பச்சியண்ணனுக்குக் கல்யாண ஆசை வந்தது. அவனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஏற்கெனவே நான்கு வரன் தட்டிப்போயிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் பரிசலில் வந்து பார்த்தவர்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, தும்மிக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்கள்.

ஐந்தாவதாக வந்தது அக்கரையில் ஈச்சங்காட்டுக் கொமாரசாமியின் மகள் பூவாத்தாள். பச்சியண்ணன் அவளைச் சந்தையில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான். அவள் ஒரு பூசணிக்காயைத் தூக்கி, விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, "இது கெட்டி" என்று சொல்லி வாங்கினாள். அன்றிலிருந்து யாராவது பூசணிக்காய் என்றாலே அவனுக்கு முகம் சிவந்துவிடும்.

கொமாரசாமி சாதாரண ஆள் இல்லை. ஈச்சங்காட்டில் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு எது வந்தாலும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அவர் சொல்லியனுப்பினார்: "பையன் நல்ல வேலைக்காரன்னு கேள்விப்பட்டேன். கூட இருக்கறவங்களோட கொணம் எப்பிடின்னு பார்க்கோணும். வர்ற வெள்ளிக்கெழமை பொண்ணெயும் கூட்டிக்கிட்டு உங்க பரிசல்லயே வர்றேன்."

சேதியைக் கேட்டுப் பச்சியண்ணன் ஆலமரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டான். "இதுவும் போச்சுன்னா எனக்குக் கல்யாணமே கெடையாதுடா. ஆறு நாளுதான் இருக்குது. ஆறே நாளைக்கு நல்ல கொணமா இருங்கடா."

அவன்மேல் மற்ற நால்வருக்கும் உயிர். "இருந்துட்டாப் போச்சு" என்றான் அர்த்தநாரி. "ஆனா அது எங்க கெடைக்கும்னு தெரியலியே."

மறுநாள் பரிசலில் பேராசிரியர் தணிகைநாதன் ஏறினார். கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நானும் அன்று கூட இருந்தேன். மனுஷன் ஏறினதும் இரண்டு கையாலும் பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார், இறங்கும்போது விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்கவேண்டும்.

"ஏனுங்க, ஆறு நாள்ல நல்ல கொணம் வர்றதுக்கு எதாச்சும் வழி இருக்குதுங்களா?" என்று கேட்டான் அர்த்தநாரி.

யாராவது எப்போதாவது கேட்கமாட்டார்களா என்று முப்பது வருஷமாகக் காத்திருந்தவர் போல அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தக் காலத்தில் கிரேக்கத்திலும் ரோமாபுரியிலும் ஸ்டோயிக் ஞானிகள் என்று இருந்தார்கள். மனுஷனுக்கு நாலு குணம் போதும் என்றார்கள். விவேகம், துணிவு, நீதி, அடக்கம். புத்தகத்தில் படித்தால் வராது, அன்றாட வாழ்க்கையில் பழகணும். காலையில் எழுந்ததும் அன்றைக்கு என்ன பெரிய கெடுதல் வரலாம் என்று நினைத்துப் பார்க்கணும். அப்போதுதான் அது வரும்போது அதிர்ச்சி இருக்காது. நம்ம சக்திக்கு உட்பட்டதைச் செய்யணும். உட்படாததைப் பற்றிக் கவலையே படக்கூடாது. எது வந்தாலும் மனசு அசையாமல்..."

அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன அலை வந்து பரிசலை லேசாக ஆட்டியது. "ஐயோ அம்மா!" என்று அலறிய பேராசிரியர் என் கத்தரிக்காய் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சாளையில் பெரிய ஆலோசனை நடந்தது.

"நாலு கொணத்தையும் கரைச்சுக் குடிச்சவரு அவரு. அவர்கிட்டயே துணிவு இல்லியே, கவனிச்சியா?" என்று ஆரம்பித்தான் ராக்கியண்ணன்.

"கவனிச்சேன்" என்றான் அர்த்தநாரி. "ஒரு ஆளு நாலையும் சுமக்க முடியாதுன்னு அதுலயே தெரியுது. நம்ம பரிசல் வேலை மாதிரிதான். பிரிச்சு எடுத்துக்கோணும். ஆளுக்கொண்ணு."

ஐந்து வேப்பங்குச்சி ஒடித்தார்கள். நான்கில் கத்தியால் கீறல் போட்டார்கள். ஒரு கீறல் விவேகம், இரண்டு துணிவு, மூன்று நீதி, நான்கு அடக்கம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததில் அர்த்தநாரிக்கு விவேகம் விழுந்தது. வெள்ளியங்கிரிக்குத் துணிவு, ராக்கியண்ணனுக்கு நீதி, ஓதியப்பனுக்கு அடக்கம். பச்சியண்ணன் கையில் வழவழவென்று கீறலே இல்லாத குச்சி.

"எனக்கு?" என்றான் அவன்.

நான்கு பேரும் அந்தக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். விவேகம் கிடைத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அர்த்தநாரி அதை எடுத்து உபயோகித்தான்.

"நாலு கொணம் தவிர அஞ்சாவதா ஒண்ணு சொன்னாரே. நம்ம சக்திக்கு உட்படாதது. அதுதான் நீயி."

"அப்பிடின்னா நான் என்ன பண்ணோணும்?"

"நீ என்ன வேணாப் பண்ணிக்க. நாங்கதான் உன்னெப் பத்திக் கவலைப்படக்கூடாது. நீ சொல்றதெக் காதுல வாங்கக்கூடாது."

"என்ற கல்யாணத்துக்குத்தானடா இத்தனையும் பண்றீங்க!"

"பார்த்தியா, பேச்சுக் குடுக்குது" என்றான் ஓதியப்பன். நால்வரும் மனசு அசையாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் நால்வரும் வட்டமாக உட்கார்ந்து பெரிய கெடுதல் ஒன்றை நினைத்தார்கள். பரிசலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்தார்கள். நன்றாகவே நினைத்திருக்கவேண்டும், வெள்ளியங்கிரி தேம்பித் தேம்பி அழுதான். ஆனால் மத்தியானம் வரைக்கும் ஓட்டை விழவில்லை. நால்வருக்கும் நிலைகொள்ளவில்லை.

"காலையில அழுத அழுகையெல்லாம் வீணாப் போகுதே" என்றான் வெள்ளியங்கிரி.

"இதுக்கு மேல ஓட்டை விழலைன்னா எனக்கு அதிர்ச்சியாயிரும் போல இருக்குது" என்றான் ஓதியப்பன்.

அதிர்ச்சி வரக்கூடாது என்பதுதானே பாடம். அரிவாளை எடுத்துவந்து பரிசலின் அடியில் ஓட்டை போட்டார்கள். போட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் துளி அதிர்ச்சி இல்லை. பாடம் பலித்துவிட்டது என்று சந்தோஷமாகக் கஞ்சி குடித்தார்கள்.

பிறகு ஓதியப்பன் தார் பூசி அந்த ஓட்டையை அடைத்தான். ஆனால் இப்போது அவனுக்கு அடக்கம் வந்துவிட்டதே. எதிலும் அளவோடு இருக்கவேண்டுமே. பாதி ஓட்டையை அடைத்துவிட்டுப் போதும் என்று நிறுத்திக்கொண்டான். தண்ணீரையும் பாதிதான் இறைத்தான். பாதிக் குளியல் குளித்தான், இடுப்புக்கு மேலே தண்ணீர் படவில்லை. முகச்சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தவன் இடது பக்கம் முடிந்ததும் அம்பட்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு எழுந்துவந்துவிட்டான். வலது பக்கம் பார்த்தால் மீசை தாடியோடு ஒரு ஆள், இடது பக்கம் பார்த்தால் வேறொரு ஆள்.

விவேகம் ஒருவனிடம் மட்டுமே இருந்ததால் மற்ற மூவரும் எதற்கும் அவனைக் கேட்கவேண்டியதாயிற்று. மழை வந்தால்கூட அப்படித்தான். "அர்த்தநாரி, மழை பெய்யுது, நாங்க உள்ளெ போலாமா?" என்று மூவரும் வாசலில் நனைந்துகொண்டே கேட்பார்கள். விவேகத்தோடு பதில் சொல்லவேண்டும் அல்லவா, அவன் கண்ணை மூடி யோசிப்பான். யோசித்துப் "போலாம்" என்று அவன் சொல்லும்போது வெயிலடித்துக்கொண்டிருக்கும். சொல்லிவிட்டானே என்று வெயிலில் உள்ளே போய் உட்காருவார்கள்.

எனக்கு வினையாக வந்தது நீதிதான். செவ்வாய்க்கிழமை சந்தை. இக்கரையில் பத்துப் பேர், அக்கரையில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். நான் பரிசலுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். நடு ஆற்றில் ராக்கியண்ணன் "நிறுத்து!" என்று கையைத் தூக்கினான்.

"அக்கட்டால போனா இக்கட்டால நிக்கறவங்களுக்கு அநீதி. இக்கட்டால போனா அக்கட்டால நிக்கறவங்களுக்கு அநீதி. ரண்டு கரைக்கும் சமதூரத்துல நிக்கறதுதான் நீதி."

பரிசல் நடு ஆற்றில் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றியது. இரண்டு கரையிலும் இருபது பேர் ஒரே சமமாகத் திட்டினார்கள். அதைக் கேட்டு ராக்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, ஒரு பக்கம்கூட கொறையல" என்றான். சந்தை கலையும் நேரத்துக்குத்தான் எனக்கு நீதி தீர்ந்தது. அன்று நான் அவனைச் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது.

துணிவு எப்படி என்று கேட்கிறீர்களா? வெள்ளியங்கிரி பிறந்ததிலிருந்து ஆற்றில் கிடப்பவன், அவனுக்கு ஆற்றில் பயம் எங்கே இருக்கிறது? பயமில்லாத இடத்தில் துணிவைக் காட்டமுடியாதே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு துடுப்புப் போட ஆரம்பித்தான். அதுகூடப் பரவாயில்லை. துணிவு அவனுடைய பங்கு என்பதால் மற்ற மூவரும் அதைத் தொடக்கூடாதல்லவா? ஒரு மீன் துள்ளினால்கூட மூவரும் பேராசிரியரைப் போலவே "ஐயோ அம்மா!" என்று கூட்டாக அலறினார்கள். அலறி முடித்ததும் அமைதியாகத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். பேராசிரியர் ஒருநாள் இதில் மாட்டிக்கொண்டு அவர்களைவிட உரக்க அலறினார். மறுநாளிலிருந்து முப்பது மைல் சுற்றி பஸ்ஸில் போனார்.

இதையெல்லாம் பார்த்துப் பச்சியண்ணன் பாதியாக இளைத்துவிட்டான். "டேய், ஒண்ணும் வேண்டாம்டா, முன்ன மாதிரியே இருங்கடா" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் அவர்கள் சக்திக்கு உட்படாதவன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம்போல விடியற்காலையில் வட்டம் போட்டார்கள். இன்றைக்கு வரக்கூடிய பெரிய கெடுதல் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. பெண்ணின் அப்பா ஆற்றில் விழுந்துவிட்டார். விழுந்தவர் போய்ச் சேர்ந்தும்விட்டார். நால்வரும் மனசார அழுது, குளித்து (ஓதியப்பன் பாதிதான்), கஞ்சிக்கு முன்பே துக்கத்தை முடித்துக்கொண்டார்கள். அப்புறம் பரிசலை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள். பச்சியண்ணன் புது வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, இக்கரையில் குலசாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நின்றான். நானும் வேடிக்கை பார்க்கத்தான் அங்கே போயிருந்தேன், பொய் சொல்வானேன். நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். பேசியதைப் பின்னால் பூவாத்தாள் வாயால் கேட்டேன்.

கொமாரசாமியும் மகளும் அக்கரைத் துறையில் நின்றார்கள். அர்த்தநாரி நேரே பூவாத்தாளிடம் போய்க் கை கூப்பினான்.

"உங்கப்பா நெம்ப நல்ல மனுசனுங்க. இப்பிடி ஆகும்னு... நாங்க நெனச்சோமுங்க."

"எப்பிடி ஆகும்னு?" என்றார் பக்கத்தில் நின்ற கொமாரசாமி.

"இருந்தவரைக்கும் ஒரு கொறையும் இல்லாம இருந்தீங்க" என்று அவரைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னான் ராக்கியண்ணன்.

கொமாரசாமிக்குச் சுருக்கென்றது. பூவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் சிரிக்கிறாளே என்று அவர் கோபத்தை அடக்கிக்கொண்டு பரிசலில் ஏறினார். பாதி மீசைக்காரனையும் கண்ணை மூடிய துடுப்புக்காரனையும் அவர் பார்க்கும்போது பரிசல் கரையை விட்டு நகர்ந்துவிட்டது.

"ஏப்பா, கண்ணெத் தொற!"

"தொறந்தா அது துணிவாகாதுங்க" என்றான் வெள்ளியங்கிரி.

ஒரு கொக்கு பறந்தது. மூன்று பேர் "ஐயோ அம்மா!" என்றார்கள். கொமாரசாமி துள்ளி விழுந்தார். பரிசலுக்குள் தண்ணீர் அவர் கணுக்காலைத் தொட்டது. "தண்ணி வருதுப்பா!" என்றார்.

"பாதி ஓட்டைதானுங்க. பாதி அடைச்சாச்சு" என்ற ஓதியப்பன் நிதானமாகப் பாதிச் செம்பு தண்ணீர் மொண்டு வெளியே ஊற்றினான்.

நடு ஆறு வந்தது. ராக்கியண்ணன் கையைத் தூக்கினான். "நிறுத்து! அந்தப் பக்கம் பொண்ணு ஊடு, இந்தப் பக்கம் மாப்பிள்ளை ஊடு. ஒரு பக்கமாச் சாயறது நீதியில்லை."

பரிசல் சுற்ற ஆரம்பித்தது. முதல் சுற்றில் கொமாரசாமி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் பல்லைக் கடித்தார். மூன்றாவது சுற்றில், "எனக்கே நீதி சொல்லித் தர்றியாடா!" என்று ராக்கியண்ணன் சட்டையைப் பிடிக்க எழுந்து நின்றார். பரிசலில் எழுந்து நிற்கக்கூடாது. தொபீரென்று ஆற்றில் விழுந்தார்.

ஓதியப்பன் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"விழுந்துட்டாரு" என்றான் ஓதியப்பன்.

"காலையிலயே விழுந்தாச்சே" என்றான் அர்த்தநாரி. "யாருக்காச்சும் அதிர்ச்சி இருக்குதா?"

"துளிகூட இல்லை."

"எனக்கும் இல்லை."

நால்வரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள். தண்ணீருக்கு மேலே கொமாரசாமியின் தலை வந்தது, "டேய்!" என்றது, உள்ளே போனது.

"நான் குதிச்சுத் தூக்கட்டுமா? துணிவு என்னதுதானே?" என்றான் வெள்ளியங்கிரி.

"குதிக்கறது விவேகமான்னு யோசிச்சுத்தான் சொல்லோணும்" என்ற அர்த்தநாரி கண்ணை மூடினான்.

"அவரு ஒருத்தரெ மட்டும் தூக்குனா, இதுக்கு முன்னால விழுந்து தூக்காம உட்டவங்களுக்கெல்லாம் அநீதி" என்றான் ராக்கியண்ணன்.

"தூக்கறதா இருந்தாப் பாதி தூக்குங்க" என்றான் ஓதியப்பன். "இடுப்பு வரைக்கும்."

கரையிலிருந்து பச்சியண்ணன் தொண்டை கிழியக் கத்தினான்: "தூக்குங்கடா! தூக்கித் தொலைங்கடா!"

"அது நம்ம சக்திக்கு உட்படாதது" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னான் அர்த்தநாரி. "காதுல வாங்காதீங்க."

பூவாத்தாள் அதற்கு மேல் பொறுக்கவில்லை. வெள்ளியங்கிரியின் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கி அப்பாவை நோக்கி நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றினார். ஊன்றிய பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் அவருக்கு மார்பளவுதான். வைகாசி மாசம், ஆற்றில் அதற்கு மேல் எங்கே தண்ணீர்? ஆனால் அது மார்பளவுதான் என்று சொல்வது யாருடைய வேலை என்று அந்த நால்வரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதற்குள் பச்சியண்ணன் புது வேட்டியோடு தண்ணீருக்குள் பாய்ந்து வந்துவிட்டான். கொமாரசாமியை இடுப்பில் பிடித்துத் தூக்கி, கவிழ்த்து, தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். அவனுக்கு ஒரு பொருளைச் சுமக்கத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கொமாரசாமி குப்புறக் கிடந்து ஆற்றைப் பார்த்தபடியே வந்தார். கரை ஏறியதும் இறக்கிவைப்பான் என்று நான் நினைத்தேன். இறக்கவில்லை. என்னைத் தாண்டி, பார்க்க வந்த ஊர்ச்சனத்தைத் தாண்டி, அரை பர்லாங்கு மேலே சுமந்துபோய், ஆலமரத்தடியில் பரிசல் வைக்கும் இடத்தில்தான் இறக்கிவைத்தான். காய்வதற்கு வசதியாக அவரைத் திருப்பியும் போட்டான்.

பூவாத்தாள் நால்வரையும் உட்காரவைத்துத் தானே துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தாள்.

கொமாரசாமி எழுந்து உட்கார்ந்தார். வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார். எதிரே ஊர்க்கூட்டம். பச்சியண்ணன் ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐந்தாவது வரனும் போச்சு என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

"இவனுங்களுக்கு என்னய்யா வந்துது?" என்றார்.

"நல்ல கொணமுங்க" என்றான் அர்த்தநாரி. "என்னுது விவேகம்."

"துணிவுங்க."

"நீதிங்க."

"அடக்கமுங்க, பாதி."

கொமாரசாமி நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பச்சியண்ணனைப் பார்த்தார். "நீ?"

பச்சியண்ணன் தலையைத் தொங்கப்போட்டான். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "எனக்கு ஒண்ணும் கெடைக்கலீங்க" என்றான். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஒண்ணுமேவா?"

"சத்தியமா ஒரு கொணமும் கெடையாதுங்க" என்று நால்வரும் ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள். "நாங்களே குச்சி போட்டுப் பார்த்தோமுங்க."

கொமாரசாமி பெருமூச்சு விட்டார். அவர் வாழ்நாளில் அத்தனை நிம்மதியாக ஒரு மூச்சு விட்டிருக்கமாட்டார். "அப்பா சாமி! ஒருத்தனாச்சும் தப்பிச்சானே" என்று மகள் பக்கம் திரும்பினார்.

பூவாத்தாள் பச்சியண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள். விரலை மடக்கி அவன் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். எக்கிக் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"கெட்டிதானுங்கப்பா" என்றாள்.

ஆனி மாசமே முகூர்த்தம் வைத்துவிட்டார்கள். ஈச்சங்காட்டில் பெண் வீட்டுப் பந்தலில் கல்யாணம். தாலி கட்டப்போகும் நேரம், நான்கு பேரும் ஆளுக்கொரு தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வரிசையாக வந்தார்கள். தாம்பாளத்தில் ஒன்றுமே இல்லை. ஓரத்தில் ஒரு வெற்றிலை மட்டும்.

"என்னடா இது?" என்றார் கொமாரசாமி.

"எங்க நாலு கொணமுமுங்க" என்றான் அர்த்தநாரி. "பச்சியண்ணனுக்குத்தான் ஒண்ணும் இல்லாமப் போச்சே. மனசு கேக்கல. நாலையும் அவனுக்கே குடுத்தர்றோமுங்க."

பச்சியண்ணன் ஆசையோடு இரண்டு கையையும் நீட்டினான். பூவாத்தாள் தன் முழங்கையால் அவனை ஒரு இடி இடித்தாள். கொமாரசாமி ஒரே தாவில் குறுக்கே வந்து விழுந்தார். "மாப்பிள்ளைக்கு வேண்டாம்! எங்கிட்டக் குடுங்க, நானே பத்திரமா வெச்சுக்கறேன்!" என்று நான்கு தாம்பாளங்களையும் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார். கூடத்து நெற்குதிரில் தாம்பாளங்களைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அதை மூடி, மேலே ஒரு ஆட்டுக்கல்லையும் வைத்த பிறகுதான் வெளியே வந்து தாலியை எடுத்துக் கொடுத்தார்.

அன்றைக்கு அவர் செய்தது புத்திசாலித்தனம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் வெள்ளியங்கிரி தாம்பாளத்தோடு நின்றான். "ஆத்துல இன்னைக்குத் தண்ணி ஜாஸ்திங்க. துணிவெக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா பொழுதோட திருப்பிக் கொண்டாந்து குடுத்தர்றேன்." கொமாரசாமி திட்டித் துரத்தினார். அவன் போகவில்லை, வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். அடுத்து அர்த்தநாரி வந்தான், மேகம் கருத்திருக்கிறது, மழை வந்தால் யோசிக்கவேண்டும் என்று விவேகம் கேட்டான். ஒரு வாரம் திட்டிப் பார்த்தார். பத்து நாள் கதவைச் சாத்திப் பார்த்தார். பதினோராம் நாள், எடுத்துக் கொடுத்தால்தான் இவர்கள் நகருவார்கள் என்று தெரிந்துகொண்டு, ஏணி போட்டு ஏறி, ஆட்டுக்கல்லை இறக்கி, குதிருக்குள் கையை விட்டு, வெறுங்கையைத் தாம்பாளத்தில் உதறிக் கொடுத்தார். கும்பிட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் தினமும் அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆவணி மாசம் எனக்கும் என் பங்காளிக்கும் அக்கரைத் தோட்டத்தில் வரப்புத் தகராறு. இரண்டு பேரும் தீர்ப்புக் கேட்டுக் கொமாரசாமி வீட்டுக்குப் போனோம். மனுஷன் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்து உதட்டைப் பிதுக்கினார்.

"வழக்கு நல்ல வழக்குத்தான். ஆனா நீதி ஊட்டுல இல்லியே. வெடிஞ்சதும் ராக்கியண்ணன் வந்து வாங்கிட்டுப் போயிட்டான்."

நானும் பங்காளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அப்போ விவேகமாச்சும் இருக்குதுங்களா?" என்று என் வாய் எப்படிக் கேட்டது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் சிரமப்பட்டு எழுந்தார். ஏணியைச் சாத்தி ஏறினார். குதிருக்குள் தலையை விட்டு, நான்கு மூலையும் தடவிப் பார்த்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது:

"அடக்கம் மட்டும் பாதி கெடக்குது. வேணுமா?"